முப்பதாயிரம் பேரை மறைச்சுட்டு கர்மாத்தியர் புகழ் பாடாதீங்க

"உலகத்தோட முதல் கம்யூனிஸ்ட் அரசு அரேபியாவுல இருந்துச்சு"ன்னு ஒரு பதிவு மறுபடியும் சுத்திக்கிட்டு இருக்கு, நம்ம நட்பு வட்டத்துலயே நிறைய பேர் ஷேர் பண்ணிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிழக்கு அரேபியாவை ஆண்ட கர்மாத்தியர்களைப் பத்தினது; ஷியா முஸ்லிம்கள்ல ஒரு பிரிவான இஸ்மாயிலிகள்ல இருந்து வந்த இயக்கம் அது. ஜனங்களுக்கு வரி கிடையாது, கடன்ல விழுந்தவனுக்கு வட்டியில்லாம பணம், வெளியூர்ல இருந்து வர்ற தொழிலாளிக்கு தொழில் தொடங்க முதல், வீடு இடிஞ்சு போய் கட்ட வழியில்லன்னா அரசாங்கமே ஆள் அனுப்பி கட்டிக் குடுக்கும், மாவு அரைக்கக் காசில்ல, ராஜா இல்ல ஆறு பேர் சேர்ந்து உக்காந்து பேசித்தான் ஆட்சி. இதுல ஒண்ணுகூட கட்டுக்கதை இல்ல. பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ராவ் 1051ல அவங்க தலைநகரான அல்-அஹ்ஸாவுக்கு நேரா போய்ப் பார்த்துட்டு தன்னோட பயண நூல்ல எழுதி வச்சது. ஆனா அதே இடத்துல அவர் எழுதின இன்னொரு விஷயத்தை மட்டும் எல்லாரும் கத்தரிச்சுடறாங்க, எனக்கு கோபம் அதுலதான். அந்த அரசு விலைக்கு வாங்கி வச்சிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் 30,000 பேர். ஸன்ஜ்னு சொல்ற கிழக்கு ஆப்பிரிக்க ஆளுங்களும் அபிசீனியர்களும் (எத்தியோப்பியா பக்கத்துக்காரங்க). வயலும் தோட்டமும் அவங்க உழைப்புலதான் ஓடுச்சு. இடிஞ்ச வீட்டைக் கட்ட அரசாங்கம் ஆள் அனுப்புச்சுன்னு சொன்னேன்ல, அந்த "ஆளும்" இவங்கதான்.

அந்த ஊர்ல ஆயுதம் எடுக்கக்கூடிய ஆம்பளைங்க 20,000 பேருக்கு மேலன்னும் அவரே சொல்றாரு. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இந்த இயக்கத்தோட ஆரம்பம் என்னைய ரொம்ப இழுக்குது, அதை மறைக்க விரும்பல. 870கள்ல ஈராக்ல கூஃபா நகரத்தைச் சுத்தி இருந்த கிராமங்கள், அப்பாசிய கலீஃபாவோட கஜானாவுக்கு கொட்டிக் கொட்டியே ஓஞ்சுபோன விவசாயிங்க. அங்க மாடு ஓட்டிப் பொழைச்ச ஹம்தான் கர்மத்ங்கறவர் ஒரு இஸ்மாயிலி பிரச்சாரகர்கிட்ட உபதேசம் வாங்குறாரு, மறைஞ்சிருக்கற இமாம் (மதத் தலைவர்) முஹம்மது பின் இஸ்மாயில், கடைசிக் காலத்துல வர்றதா நம்புற மீட்பரான மஹ்தியா திரும்பி வருவாரு, பூமியில நீதி வரும்னு ஊர் ஊரா சொல்றாரு. முதல்ல ஆளுக்கு ஒரு திர்ஹம் (வெள்ளிக் காசு), அப்புறம் ஒரு தினார் (தங்கக் காசு), அப்புறம் சம்பாத்தியத்துல அஞ்சுல ஒரு பங்குன்னு வாங்கி கடைசில சொத்து மொத்தத்தையும் பொதுவுல வைக்கச் சொல்லிட்டாங்க. ஒவ்வொரு கிராமத்துலயும் நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட ஆடுமாடு, நகை, துணிமணி எல்லாம் போகும், அவர் இல்லாதவனுக்கு துணி எடுத்துக் குடுப்பாரு, தேவைக்கு செலவு பண்ணுவாரு. பொம்பளைங்க நூல் நூத்து சம்பாதிச்சதைக் கொண்டுவந்து குடுத்தாங்களாம், வயல்ல குருவி விரட்டுற சின்னப்பையன்கூட அவன் கூலியைக் கொண்டுவந்து குடுத்தானாம். தனக்குன்னு வச்சுக்கலாம்னு இருந்தது வாளும் ஆயுதமும் மட்டும்தான். இதை எழுதி வச்சது இவங்களை அடியோட வெறுத்த ஆளு, அதனாலயே எனக்கு இதுல நம்பிக்கை அதிகம். எதிரி எதுக்கு அந்தக் குருவி விரட்டுற பையனை கற்பனை பண்ணி எழுதணும்?

899ல இயக்கம் உடைஞ்சுது. சிரியாவுல சலமிய்யா ஊர்ல இருந்த இயக்கத்தோட தலைமை, மறைஞ்ச இமாமுக்காக காத்திருக்க வேண்டாம் இமாம் நான்தான்னு சொல்ல ஆரம்பிக்க, ஹம்தான் உறவை முறிச்சுட்டு காணாமப் போறாரு. சலமிய்யா ஆளுங்கதான் பின்னாடி எகிப்தை ஆண்ட ஃபாத்திமி கலீஃபாக்கள் ஆனாங்க. முறிச்சுக்கிட்டவங்கள்ல அபூ சயீத் அல்-ஜன்னாபி கிழக்கு அரேபியாவுல, அப்ப பஹ்ரைன்னு சொன்ன கத்தீஃப், அல்-அஹ்ஸா பக்கம், தனி அரசு அமைக்கிறாரு. 913ல அவரைக் கொன்னுடறாங்க, அப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சு மகன் அபூ தாஹிர் வர்றாரு. இவர் கைக்கு வந்த பிறகு நடந்ததை அந்த ஷேர் பண்ற பதிவுகள்ல தேடினாலும் கிடைக்காது.

923ல பஸ்ராவைச் சூறையாடினாங்க. 924ல ஹஜ் முடிச்சு ஈராக்குக்கு திரும்பிட்டிருந்த கூட்டத்தை பாலைவனத்துல மறிச்சாங்க, ஒட்டகத்தையும் சரக்கையும் எடுத்துக்கிட்டு, பிடிச்சுட்டுப் போனவங்க போக மிச்சப் பேரை தண்ணியில்லாத இடத்துல அப்படியே விட்டுட்டாங்க, தாகத்துலயே செத்தவங்க ஏகப்பட்ட பேர். 930 ஜனவரியில மக்கா. ஹஜ் நாட்கள்ல, கஃபாவைச் சுத்தி வந்துட்டு இருந்தவங்களை வெட்டினாங்க, ஸம்ஸம் கிணத்துல பிணங்களைப் போட்டாங்க, கஃபாவோட போர்வையைக் கிழிச்சு கதவைப் பேத்து கடைசில கஃபா சுவர்ல பதிச்சிருந்த புனிதமான கருங்கல், ஹஜருல் அஸ்வத்தையே பிடுங்கி அல்-அஹ்ஸாவுக்கு கொண்டு போயிட்டாங்க. 50,000 தினார் தர்றோம் கல்லைத் திருப்பிக் குடுங்கன்னு பாக்தாத்ல இருந்து கேட்டும் தரல. 951லதான், ஒரு பெரிய தொகை வாங்கிக்கிட்டு, திரும்பி வந்துச்சு, அதுவும் உடைஞ்சு போய்.

"கலீஃபாவோட அதிகாரத்தை எதிர்த்தாங்க தோழர்"னு இதுக்கு ஒரு பதில் வருது. கலீஃபா முக்ததிர் அன்னைக்கு பாக்தாத் அரண்மனையில இருந்தாரு. வெட்டுப்பட்டது மாசக்கணக்கா நடந்து வந்து, வாழ்நாள் சேமிப்பை செலவழிச்சு, ஒரு தடவையாவது அங்க நிக்கணும்னு வந்த சாதாரண ஜனங்க. அதுல கூஃபா பக்கத்து விவசாயி ஒருத்தன்கூட இருந்திருக்க மாட்டானா?

அடுத்த வருஷமே இன்னொண்ணு. இஸ்ஃபஹான்ல இருந்து கைதியா வந்த ஒரு பாரசீக இளைஞனை இவர்தான் மஹ்தின்னு அறிவிச்சு அபூ தாஹிர் ஆட்சியையே தூக்கிக் குடுத்தாரு. அந்த ஆள் நபிமார்களை சபிக்கச் சொல்லி, நெருப்பை வணங்கச் சொல்லி, ஊர்ப் பெரியவங்களையே கொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் முழிச்சுக்கிட்டு அவனைத் தீர்த்துக் கட்டினாங்க. நீதி வரப்போகுதுன்னு அம்பது அறுவது வருஷமா காத்திருந்த ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா மனசு கனக்குது. நிறைய பேர் இயக்கத்தை விட்டே போயிட்டாங்க.

வரி இல்லாத அரசுக்கு பணம் எங்கருந்து வந்துச்சுங்கறதுக்கும் நாசிர் குஸ்ராவ்கிட்டயே பாதி பதில் இருக்கு, பஹ்ரைன் தீவுக் கடல்ல முத்துக்குளிக்கிறவங்க எடுக்கறதுல சரிபாதி அல்-அஹ்ஸா ஆட்சியாளருக்கு. அதுக்கு முன்னாடி கொள்ளை, 930கள் கடைசில இருந்து ஹஜ் கூட்டங்களை விடறதுக்கு பாக்தாத் கட்டின வருஷப் பணம், ஹாஜிகள் கட்டின காவல் காசு. உள்ளூர்க்காரனுக்கு வரி இல்லன்னா, அந்தச் சுமை வேற யாரோ தலைமேல போயிருக்குன்னுதானே அர்த்தம்.

"அந்தக் காலத்துல அடிமை முறை எங்கயும்தான் இருந்துச்சு, யாருக்கும் தப்பாப் படல"ன்னு சொல்றவங்களுக்கு, பஸ்ரா பக்கத்து சதுப்பு நிலத்துல இதே ஸன்ஜ் அடிமைகள் 869ல கிளர்ந்து எழுந்து 883 வரைக்கும், 14 வருஷம், அப்பாசியப் படைகளோட மோதினாங்க. ஹம்தான் பிரச்சாரம் பண்ணிட்டு இருந்த அதே காலம், அதே ஈராக். அந்த மண்ணுல இருந்து முளைச்ச இயக்கம் 30,000 ஸன்ஜ், அபிசீனிய மனுசங்களை காசு குடுத்து வாங்கி வயல்ல இறக்கிவிட்டதை "காலத்தோட வழக்கம்"னு தள்ளிவிட என்னால முடியாது. அடிமைகளுக்கு அது தப்பாத்தான் பட்டிருக்கு, ரத்தம் சிந்திச் சொல்லிருக்காங்க.

நாசிர் குஸ்ராவ் இன்னும் நிறைய சொல்றாரு. தொழுகை நோன்பு கிடையாது, ஆனா தொழறவனை யாரும் தடுக்கல, ஒரு பாரசீகக்காரர் கட்டின பள்ளிவாசல் ஒண்ணு இருந்துச்சு. சந்தையில பூனை, நாய், கழுதைன்னு எல்லாக் கறியும் விப்பாங்களாம், ஆனா வாங்கறவன் ஏமாறக் கூடாதுன்னு அந்தந்த மிருகத்தோட தலையும் தோலும் கறிக்குப் பக்கத்துலயே இருக்கணுமாம். அபூ சயீத் திரும்பி வருவாருன்னு அவர் சமாதிக்கிட்ட ராப்பகலா ஒரு குதிரை சேணம் கட்டி நிக்குமாம். இவ்வளவு நுணுக்கமா பார்த்த மனுசன் அடிமைகளையும் பார்த்தாரு, எண்ணிக்கையோட எழுதினாரு, நமக்குத்தான் கண்ணுல படல.

இன்னொரு பக்கம், மக்கா சம்பவத்தைக் காட்டி இஸ்மாயிலிகள் எல்லாருமே, ஏன் ஷியாக்கள் எல்லாருமே இப்படித்தான்னு எழுதறவங்க இருக்காங்க, அதுவும் அநியாயம். ஃபாத்திமிகளும் இஸ்மாயிலிகள்தான், அவங்களோட கர்மாத்தியர்கள் நேருக்கு நேர் போர் செஞ்சாங்க, 971ல டமாஸ்கஸைப் பிடிச்சு கெய்ரோ வாசல் வரைக்கும் போய் தோத்தாங்க, 974லயும் அதேதான். இருந்தும் கர்மாத்தியர்ங்கற பேரு எல்லா இஸ்மாயிலிகள் மேலயும் ஒட்டிக்கிச்சு. இப்ப பாகிஸ்தான்ல இருக்கற முல்தான்ல இருந்த இஸ்மாயிலி அரசு ஃபாத்திமி கலீஃபாவை ஏத்துக்கிட்டது, ஆனா கஜினி முகமது 1006லயும் 1010லயும் அங்க படையெடுத்தப்ப "கர்மாத்தியர்களை ஒழிக்கிறேன்"னுதான் சொன்னாரு. ரெண்டாவது தடவை ஆட்சியாளர் தாவூதை கைதியா கொண்டு போனாங்க, ஊர்ல சிக்கின இஸ்மாயிலிகளை வெட்டினாங்க. அவங்கள்ல யாரும் மக்காவுக்குப் போய் கல்லைப் பேத்தவங்க இல்ல, அது நடந்து 80 வருஷம் ஆயிருந்துச்சு.