தாதிமை டிப்ளோமாவும் வெளிநாட்டு வேலையும்: பரவிவரும் செய்தி தவறானது

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்து, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் நாட்டுத் தாதிமைக் கல்வி உலகத் தரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாகவும், அதனால் மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவர்கள் எந்தத் தேர்வும் எழுதாமல் பிரிட்டனில் பணியில் சேரலாம் என்றும் அது கூறுகிறது. இது உண்மையன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் தாதியரின் தொடக்கக் கல்விக்கான உலகத் தரங்களை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அவை பாடத்திட்டத்தையும் ஆசிரியர் தகுதியையும் மேம்படுத்த நாடுகளுக்குத் தரப்பட்ட வழிகாட்டுதல்களே தவிர, எவருக்கும் வேலை உரிமம் அல்ல. உரிமத்தை அந்தந்த நாட்டின் தாதிமை ஒழுங்காற்று அமைப்புதான் வழங்கும். பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் நம் தாதியர் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றுடன், கணினிவழித் தேர்வு ஒன்றிலும், நோயாளியைக் கவனிக்கும் திறனை நேரில் சோதிக்கும் செய்முறைத் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். அமெரிக்காவுக்கும் தனியாக உரிமத் தேர்வு உண்டு. அவ்வளவு ஏன், இங்கேயே பணியாற்றவும் 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் விதிகளை அந்நாட்டுத் தாதியர், மருத்துவச்சியர் மன்றத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கலாம். கல்லூரியின் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை மலேசியத் தகுதி முகமையின் பொதுப் பதிவேட்டில் கட்டணமின்றிப் பார்க்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனவும், ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் அதே குழுவில் இவ்விளக்கத்தை இடவும் கேட்டுக்கொள்கிறோம்.