26ல் வை என்கிறீர்களே, என் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டை யார் பார்ப்பது?

மார்ச் பிறந்தால் போதும், ஆளாளுக்கு உபதேசத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏசியை 26ல் வை, ஃபேனையும் சேர்த்துப் போடு, ஃபில்டரைக் கழுவு, ஜன்னலுக்குத் திரை போடு, ஐந்து ஸ்டார் பார்த்து வாங்கு. எல்லாமே சரியான யோசனைதான். அத்தனையையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இவ்வளவு சொல்கிற ஒருத்தராவது அண்ணாந்து பார்த்து, கூரை என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து இறங்குகிற சூட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்களா? கேட்பதே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சென்னையில் வாடகை வீடு, கடைசி மாடி. இந்த ஒரு வரி போதும், அனுபவப்பட்டவர்களுக்கு மிச்சம் புரிந்துவிடும். மேலே வெறும் மொட்டை மாடி. அஞ்சு அங்குல கான்கிரீட், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கி கிடையாது, அதன்மேல் பதிக்கிற தட்டை ஓடான தட்டோடு கிடையாது, ஒரு கோட் சுண்ணாம்புகூடக் கிடையாது. மழையும் பாசியும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு கறுத்துப்போய்க் கிடக்கிறது. சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நிழல் காலடியிலேயே விழுந்துவிடும். அந்த வெயில் முழுக்க விழுகிற இடம் சுவர் இல்லை, மொட்டை மாடிதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாங்கி வைத்துக்கொள்கிற சூட்டைக் கான்கிரீட் உடனே கீழே விடுவதில்லை. நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் இறக்கும். அதாவது நாம் வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்துக்கு.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடும். பரணில் வைத்திருக்கிற மெத்தையை இறக்கினால் வெயிலில் காயப்போட்டு எடுத்த மாதிரி இருக்கும். குளியலறைக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், ஹீட்டர் போடாமலே. அம்மா கட்டிலை விட்டு இறங்கி ஹாலில் வெறும் தரையில் படுக்கிறார், எழுபது வயதில், மூட்டு வலியோடு.

போன கோடையில் ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கேஸ் பார்த்தார், காயில் கழுவினார், வெளியே வைத்திருக்கிற யூனிட்டையும் பார்த்தார். கடைசியில், "அக்கா, மெஷின் நல்லாத்தான் ஓடுது. மேல ரூஃப் இப்படி இருந்தா அது என்னதான் பண்ணும்? கீழ் வீட்டுல இதே ஏசிதான் போட்டிருக்காங்க, அங்க 27ல வச்சாலே போர்வை கேக்குறாங்க" என்றார். சர்வீஸ் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கோபம் யார் மேல் என்று அன்றைக்குத்தான் தெளிவாயிற்று.

அவர் சொன்னதில் இருக்கிற விஞ்ஞானம் ரொம்ப எளிது. ஏசி அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் குளிர வைக்கும். நம் உடம்புக்குச் சூடு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, சுற்றி இருக்கிற சுவர், கூரை எல்லாம் நேராகவே உடம்பின் மேல் வெப்பத்தை வீசுகின்றன. சீலிங் நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தால், அறைக்காற்று 26 என்று காட்டினாலும் கட்டிலில் படுத்திருக்கிற ஆளுக்கு அது 26 இல்லை. அதனால்தான் கடைசி மாடிக்காரர்கள் 22க்கும் 20க்கும் இறக்குகிறார்கள். திமிரிலோ ஆடம்பரத்திலோ இல்லை. தூக்கம் வராமல்.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் முத்திரை உள்ள எந்த ஏசியும் ஆன் செய்தவுடன் 24ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில், இனி 20க்குக் கீழே போகவே முடியாதபடி ஏசிகளை வடிவமைக்க வைக்கப்போகிறோம் என்று மத்திய அமைச்சரே அறிவித்தார். நல்லது. ரிமோட்டுக்கு விதி, கம்ப்ரஸருக்கு விதி, சீலிங் ஃபேனுக்குக்கூட 2023லிருந்து ஸ்டார் கட்டாயம். கூரைக்கு?

கூரைக்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் வந்தது, ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர், வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு எழுதிய கட்டட விதித் தொகுப்பு. வீட்டுக் கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு, 1.2 வாட் என்பது உச்சவரம்பு. ஒரு சதுர மீட்டருக்கு, வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால். வெறும் கான்கிரீட் தளம் பொதுவாக இந்தக் கணக்கில் 3ஐத் தாண்டிவிடும். அதாவது அனுமதித்ததைப் போல இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு சூடு. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான், அதுவும் மாநிலம் தன் கட்டட விதியில் சேர்த்தால்தான் கட்டாயம். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, 223 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டில், இரண்டு கிரவுண்டில் எழும்புகிற மூன்று மாடி, நாலு மாடி ஃபிளாட்டுகள்தான் சென்னையில் தெருவுக்குத் தெரு. அதில் ஒன்றுகூட இந்த விதிக்குள் வராது! யார் வாடகைக்கு இருக்கிறார்களோ, யாருக்கு மின்கட்டணம் உறுத்துகிறதோ, அவர்கள் வீட்டுக் கூரையைத் தவிர மற்றதற்கெல்லாம் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பதுதான் நம்மூரில் கோடு. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தில் போட்டுப் பார்த்தால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்; 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏனென்றால் கோட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்பின், அதாவது குறைந்த யூனிட்டுக்கான கட்டணப் படியின், சலுகை விலையும் பறிபோகும். அதன்பிறகு விலை இன்னும் ஏறியிருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் கோட்டுக்கு உள்ளே நிற்கிறார், அதே அளவு வீடு, அதே ஆட்கள், அதே ஏசி. நான் தாண்டுகிறேன். அந்த வித்தியாசம் முழுக்கக் கூரையின் பில். அதை நான் கட்டுகிறேன். இதில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது, பத்து என்று வாங்குகிற ஓனர்கள் வேறு இருக்கிறார்கள். அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இலவச யூனிட்டும் கிடையாது, ஸ்லாப்பும் கிடையாது, கூரை மட்டும் உண்டு.

என் ஓனரிடம் கேட்காமலா இருந்தேன்? "சார், மாடிக்கு வெள்ளையா கூலிங் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க, வீடு கொதிக்குது" என்றேன். "ஏம்மா, கடைசி மாடின்னா சூடாத்தான் இருக்கும், தெரிஞ்சுதானே வந்தீங்க" என்றார். சரி, பாதிக் காசு நான் தருகிறேன் என்றேன். "துணி காயப்போட ஏறி இறங்கினா ஒரே மாசத்துல அழுக்காயிடும், வேஸ்ட்டு." முழுக் காசையும் நானே போட்டு அடித்துக்கொள்கிறேன் என்றேன். "வழுக்கி யாராவது விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?" இதற்கு மேல் ஒரு குடித்தனக்காரி என்ன பேச முடியும்? மூச்சு விட்டால் அடுத்த வார்த்தை, பிடிக்கலேன்னா வேற இடம் பாத்துக்கோங்க.

அவருக்கு ஏன் அக்கறை இல்லை என்பதும் புரியாமல் இல்லை. மாடிக்குச் செலவு செய்வது அவர், அதனால் குறைகிற கரண்ட் பில் என்னுடையது. அவருக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. எனக்கோ செலவு செய்ய உரிமையே இல்லை. நடுவில் வெயில் பாட்டுக்கு வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சொந்த ஃபிளாட் வாங்கியவர்களும் தப்பிக்கவில்லை. அங்கே மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அசோசியேஷன் மீட்டிங்கில் பேச்செடுத்தால் முதல் மாடிக்காரர், "எங்க வீட்டுக்கு ஒண்ணும் சூடு இல்லையே, நாங்க ஏன் பங்கு தரணும்" என்கிறார். லிஃப்ட்டுக்குக் கீழ் வீட்டுக்காரரும் பங்கு தருகிறார், கூரைக்குத் தரமாட்டார். அந்தக் கூரைதான் அவர் வீட்டையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கிறது.

இதில் தீர்வு ஒன்றும் ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை என்பதுதான் ஆத்திரத்தை ஏற்றுகிறது. வெள்ளையாக இருந்தால் வெயில் திரும்பிப் போகும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு விழுகிற வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்துப்போன சிமெண்ட் பெரும்பாலானதைக் குடித்துவிடும். உள்ளே இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறைகிறது. சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடிப்பது நம் தெருக்களில் எல்லாருக்கும் தெரிந்த வேலை, சில ஆயிரத்தில் முடியும். மழையில் கரையும், அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கூல் ரூஃப் பெயிண்ட் என்றால் கிட்டத்தட்ட ஒரு மாத வாடகை, சில வருஷம் தாங்கும், அவ்வப்போது தூசியைக் கழுவிவிட வேண்டும். வெள்ளை டைல்ஸ் பதித்தால் இன்னும் செலவு, இன்னும் ஆயுள்.

நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இது தெரியாத விஷயமா? மெட்ராஸ் டெரஸ் என்று உலகமே பெயர் சொல்கிற கூரை இங்கே போட்டதுதான். தேக்கு உத்திரம், அதன்மேல் சன்னச் செங்கலைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து, மேலே செங்கல் ஜல்லிக் கான்கிரீட், அதற்கும் மேலே தட்டோடு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிச்சமிருக்கிற அந்த வீடுகளுக்குள் மத்தியானம் நுழைந்து பாருங்கள். கான்கிரீட் வந்த பிறகும் பல வருஷம் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிக்காமல் யாரும் வீட்டை முடிக்கவில்லை. இப்போது பில்டர் முதலில் வெட்டுகிற செலவு அதுதான். வாங்க வருகிறவர் மாடுலர் கிச்சனைப் பார்ப்பார், வாசல் கதவைத் தட்டிப் பார்ப்பார், மொட்டை மாடிக்கு ஏறமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

கூரையோடு போனால் பரவாயில்லை. ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் வைப்பதை விட்டுவிட்டார்கள், எலிவேஷன் கெட்டுப்போகுமாம். மேற்குப் பக்க ஜன்னலில் நாலு மணி வெயில் கட்டில் வரை வருகிறது. உள்பக்கம் திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூடு எங்கே போகும்? அந்த ஜன்னலும் ஸ்லைடிங், பாதிதான் திறக்கும். எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்றுக்குப் பாதி வழிதான். ஏசி யூனிட்டுகளையெல்லாம் பைப் போகிற ஷாஃப்ட்டில் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டு அனலும் அதற்குள்ளேயே சுற்றி, மேலே ஏறி, கடைசி மாடி யூனிட்டின் முகத்தில் அடிக்கிறது. அந்தச் சூட்டுக் காற்றை இழுத்துக்கொண்டு அது எப்படித் திறமையாக ஓடும்? ஐந்து ஸ்டார் போட்டாலும் அங்கே மூன்றுதான்.

ஏர்கூலர் வாங்குங்களேன் என்று இன்னும் சிலர். கடலோர ஊரில் காற்றே ஈரம், அதில் தண்ணீரைத் தெளித்து அடித்தால் புழுக்கம்தான் கூடும்.

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே வருஷம் அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. பேரிடர் என்று பெயர் வைத்தாயிற்று. அந்தப் பேரிடர் உள்ளே இறங்குகிற பாதையை அடைக்கச் சட்டம் எங்கே? தெலங்கானாவில் 2023லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயம், சின்ன வீடுகளுக்கு விருப்பம் என்று. நம்மிடம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி ஊர் ஊராகச் செய்ய வைத்த அனுபவமே இருக்கிறது. மழைநீர்த் தொட்டி இல்லாமல் வீட்டு வரைபடம் பாஸ் ஆகாது என்று சொல்ல முடிந்த அரசால், வெள்ளைக் கூரை இல்லாமல் பணிமுடிப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்ல முடியாதா? ஒரு கிரவுண்டாக இருந்தாலும் அரை கிரவுண்டாக இருந்தாலும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்ன மனையை விட்டுவிட்டால் அந்த விதியும் எங்களுக்கு வராது.

வாடகை ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். காலி செய்கிறபோது பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறீர்கள், ஓனர்களே. சுவரில் ஒரு ஆணி அடித்திருக்க மாட்டோம், அப்போதும் பிடிப்பீர்கள். உள்சுவருக்கு என்று எங்களிடம் வாங்குகிற அதே பணத்தில் மொட்டை மாடியை வெள்ளையடித்துவிட்டு அடுத்த குடித்தனத்தை ஏற்றுங்கள். சாவி கொடுக்கிற அன்றைக்கு மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களும் இனி பகல் பதினொரு மணிக்கு வந்து தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு வந்து சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒருத்தி கேட்டால் "வேற இடம் பாருங்க" என்பார்கள். வருகிற எல்லாரும் கேட்டால் மாடிக்கு ஆள் ஏற்றித்தான் ஆக வேண்டும்.