பார்க்கத்தான் கண் இருக்கிறதே, கை எதற்கு?

நேற்றுச் சாயங்காலம் என் விதைச் சுரைக்காயை ஒருவர் பறித்துவிட்டார். கேட்கவே இல்லை. பறித்து என்னிடமே நீட்டி, "அக்கா, இது முத்திப்போச்சு. இதைக் கொடியிலேயே விட்டுவச்சா கொடி வீணாயிடும்" என்றார். விதைக்கு விட்டது என்று தெரியட்டும் என்றுதான் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். அந்தத் துணியோடு சேர்த்துப் பறித்திருந்தார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். பின்பக்கம் இரண்டு சென்ட் செம்மண் நிலம், சுற்றிக் கம்பி வேலி. மூக்கனேரிக்கு நடக்கப் போகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் வேலியை ஒட்டித்தான் போவார்கள். நிற்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள், "ஏங்க, பாகல் எப்போ போட்டது?" என்று கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செடி வைத்திருக்கிற யாராலும் அடுத்தவர் செடியைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. ஏற்காடு பஸ்ஸில் எல்லோரும் கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். நான் மேலே போனதும் எந்த வீட்டுக் கொல்லையில் என்ன பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்துத்தான் பாதித் தோட்டவேலையே கற்றுக்கொண்டேன். அதனால்தான் யார் கேட்டாலும் கதவைத் திறந்து உள்ளே விடுகிறேன்.

உள்ளே வந்ததும் கை நீள்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் வெண்டைக்குப் போவார்கள். கட்டைவிரலால் நுனியை ஒரு அழுத்து, படக்கென்று ஒடியும். "அட, நல்ல பிஞ்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்வார்கள். இது சந்தையில் பழகிய கை. அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் இப்படி ஒடித்தால் கூறு வைத்திருக்கிற அம்மா விடுவாரா? "ஒடிச்சதை நீயே எடுத்துக்கோ கண்ணு" என்று தட்டில் போட்டுவிடுவார். இங்கே ஒடித்த காயைச் செடியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒடிந்த இடம் கறுத்து, காய் ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். பூத்த ஐந்தாறு நாளில் பறித்துச் சமைக்க வேண்டியது, நடுவிலேயே கெட்டுப்போகிறது. ஒரே நாளில் ஒன்பது காய் அப்படிப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வேளைப் பொரியல் அது.

அடுத்தது சுரைப்பந்தல். சுரைப்பிஞ்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைத் தோல் மேல் வெள்ளைப் பூனைமயிர் மாதிரி மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். விரல் பட்டால் பட்ட இடம் மட்டும் பளபளவென்று தெரியும். அதன் மேல் நகத்தை அழுத்துகிறார்கள், இளசா என்று பார்க்க! பிறை மாதிரி ஒரு வெட்டு விழும். அதிலிருந்து தண்ணீராகக் கசியும். மறுநாள் காலையில் அது தேன் நிறத்தில் உறைந்து, கடுகு அளவு முத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். காயம் பட்ட தோல்தான் பழ ஈக்கு வசதி. அங்கே முட்டையிட்டுவிட்டுப் போகும். அப்புறம் உள்ளே புழு, வெளியே அழுகல். ஒரு வாரத்தில் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும்.

அந்தப் பிஞ்சு எப்படி வந்தது தெரியுமா? சுரை சாயங்காலத்தில்தான் பூக்கும். இருட்டுகிற நேரத்தில் நான் ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை எடுத்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு வைப்பேன். வண்டு வராத நாட்களில் அப்படிச் செய்தால்தான் பிஞ்சு நிற்கும். கொசுக்கடியில் நின்று ஒவ்வொரு பூவாகச் செய்த வேலை. அதன் மேல் நகம்.

அம்மா இருந்தவரை பந்தல் காலில் கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி வைத்த பானை ஒன்று கவிழ்ந்திருக்கும். பிஞ்சைச் சுட்டிக் காட்டினால்கூடத் திட்டுவார், கண் பட்டு அழுகிவிடும் என்று. இத்தனை வருடம் தோட்டம் வைத்திருக்கிறேன், கண் பட்டு அழுகின பிஞ்சு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அழுகினதை எல்லாம் திருப்பிப் பார்த்தால் நகக்குறி இருக்கும், இல்லாவிட்டால் ஈ கொட்டின புள்ளி இருக்கும்.

நகத்தையாவது கண்ணால் பார்த்துத் தடுக்கலாம். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. வெளியே பீடியை அணைத்துப் போட்டுவிட்டு, அதே கையோடு உள்ளே வந்து தக்காளி இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், பூச்சி இருக்கிறதா என்று. புகையிலைத் தேமல் நோய் என்று ஒன்று இருக்கிறது. புகையிலைக்கு மட்டும் வருவதில்லை, தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரும். அது பரவுவதற்குப் பூச்சி வேண்டாம், காற்று வேண்டாம், கை போதும். நோய் பிடித்த இலையின் சாற்றை ஏற்றினால் நல்ல செடிக்கும் வரும் என்று அடால்ஃப் மேயர் என்ற விஞ்ஞானி 1886லேயே எழுதிவிட்டார். பீடி, சிகரெட்டில் இருக்கிற காய்ந்த புகையிலையிலும் அந்த நச்சுயிரி சாகாமல் கிடக்கும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். போன வருடம் பதினான்கு தக்காளிச் செடியில் ஐந்தைப் பிடுங்கினேன். ஐந்தும் நடைபாதை ஓரத்துச் செடிகள், வருகிறவர் கை எட்டுகிற வரிசை. அதற்குப் பின்வரிசையில் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்று குழாயைக் காட்டினால் முகம் சுருங்குகிறது. நான் என்ன தீண்டாமையா பார்க்கிறேன்? செடிக்காகத்தானே சொல்கிறேன்!

சரி, கேட்கிற கேள்விக்காவது பதிலை நம்புவார்களா என்றால் அதுவும் இல்லை. பூலாம்பட்டிக் கத்தரி நன்றாக வந்திருக்கிறது. எடப்பாடிப் பக்கம் காவிரிக்கரைக் கத்தரி அது, எங்கள் செம்மண்ணுக்கு எளிதில் வராது. "என்ன போட்டீங்க?" என்றார் ஒருவர். மக்கின தொழுவுரம் போட்டேன், தினமும் காலையில் வாடின குருத்தைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எரிக்கிறேன் என்றேன். தண்டுத் துளைப்பான் புழு அந்தக் குருத்துக்குள்தான் இருக்கும், கிள்ளினால் அதோடு போய்விடும். "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, நிஜமா என்ன போட்டீங்க?" என்று மறுபடி கேட்கிறார். ரகசியம் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேனாம். நான் தண்ணீர்க் குழாயை மூடப் போன நேரத்தில் பஞ்சகவ்யா டிரம்மைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். மூடி கட்டவும் இல்லை. மறுநாள் பார்த்தால் முழுக்கப் புழு.

ஒவ்வொரு நாளும் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்ப்பதுதான் நான் செய்கிற வேலை. அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை. பாட்டிலில் ஏதாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இப்போது சுரைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கிற நீட்டுச் சுரை இல்லை அது. அடி பெருத்துக் குடம் மாதிரி இருக்கும், அம்மா பிறந்த வீட்டு விதை. ஆடிப்பெருக்கு அன்று ஊன்றினேன். புரட்டாசியில் வந்த காய்களில் நல்ல திரட்சியாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்த ஒன்றை மட்டும் விதைக்கு விட்டேன். மற்றதை எல்லாம் பறித்து அக்கம்பக்கம் கொடுத்துவிட்டோம். நேற்றுப் பறித்தவர் வீட்டுக்கும் இரண்டு போனது. விதைக்காய் கொடியிலேயே இருந்து, பச்சை வெளுத்து, ஓடு மரமாக இறுகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். அதற்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

அவரும் தோட்டக்காரர்தான். மாடியில் நாற்பது பை வைத்திருக்கிறார். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பருவத்துக்குப் பருவம் பாக்கெட் விதை வாங்கிப் பழகிவிட்டார். வீரிய ஒட்டு விதையில் வந்த காயில் விதை எடுத்து ஊன்றினால் அதே குணம் வராது, அதனால் எடுப்பதே இல்லை. அவர் தோட்டத்தில் முற்றின காய்க்கு வேலை கிடையாது. என் தோட்டத்தில் அதற்காகத்தான் பந்தலே போடுகிறேன். "துணி எதுக்குக் கட்டியிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். விதை வேண்டும் என்று கேட்ட யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, பேப்பரில் மடித்துக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

காயை வெட்டிப் பார்த்தேன். விதை எல்லாம் பால் வெள்ளையாக இருந்தது, நகத்தால் அழுத்தினால் நசுங்குகிறது. ஒன்றுகூடத் தேறாது. இன்னொரு காயை விடலாமே என்றால், கொடி ஓய்ந்துவிட்டது. அடி இலை எல்லாம் சாம்பல் பூத்துக் காய்கிறது, புதுப் பிஞ்சு நிற்பதில்லை. வெட்டினதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

அலமாரி டப்பாவில் போன வருடத்து விதை ஆறு இருக்கிறது. தையில் மூன்று ஊன்றுவேன், மூன்றை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்வேன். இன்று காலையும் அவர் வேலியோரம் வந்து நின்று, "அக்கா, பீர்க்கு பூ விட்டிருக்கா?" என்றார். விட்டிருக்கிறது என்றேன். கதவைத் திறக்கவில்லை.