உலகின் முதல் கார் ஃபோர்டு உருவாக்கியதா?

அமெரிக்காவின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்து வண்டியொன்றின் படம், “உலகின் முதல் கார்” என்ற குறிப்போடு பகிரப்படுகிறது. இது தவறு. படத்திலிருப்பது ஃபோர்டு 1896 ஜூனில் ஓட்டிப் பார்த்த குவாட்ரிசைக்கிள் என்னும் நான்கு சக்கர மோட்டார் வண்டி. சைக்கிள் சக்கரங்களும் படகுச் சுக்கான் போன்ற திருப்புகோலும் கொண்ட அதற்குப் பின்னோக்கிச் செல்லும் வசதியே கிடையாது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1886 ஜனவரி 29 அன்று, ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்துவிட்டார். ஒற்றை சிலிண்டர் எஞ்சினுடைய அந்த மூல வண்டி மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபோர்டின் பெருமை வேறு: 1913-இல் அவரது ஆலையில் தொடங்கிய நகரும் பொருத்துவரிசை (கார் நகர்ந்து வர வர, தொழிலாளர்கள் வரிசையாகப் பாகங்களைப் பொருத்தும் முறை), காரைச் சாமானியருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது.