அம்மாவிடம் சொன்னால் அது அம்மாவிடம் நிற்குமா?

அந்த வீடியோவை எனக்கு இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். முழுசாகவே பார்த்தேன், கடைசியில் புல்லாங்குழல் இழைகிற இடம் வரைக்கும். 'டீச்சர், நீங்க இதைப் பத்திக் கட்டாயம் எழுதணும்' என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

முதலில் ஒன்று. அந்தப் பேச்சாளர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.)

வீடியோவில் அவர் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுக்கிறார். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது, ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டாள். அதை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவை மேடைக்கு வரவழைக்கிறார். காலில் விழச் சொல்கிறார். 'இனிமே அம்மாகிட்ட எதையும் மறைக்க மாட்டேன்' என்று மூன்று தடவை சொல்லச் சொல்கிறார். கூட்டம் அழுகிறது. நீங்களும் அழுதிருக்கிறீர்கள், கண்ணீர் பொம்மை போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. அதை யாராவது கவனித்தீர்களா?

அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள் என்று எல்லோருக்கும் ஒரே ஆனந்தம். அவள் எங்கே அம்மாவிடம் சொன்னாள்? அரங்கத்தில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். இப்போது லட்சக்கணக்கான பேர் கேட்டாயிற்று. திங்கட்கிழமை அவள் அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும். பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் ஏன் அம்மாவிடம் சொல்வதில்லை என்று ஊரே உட்கார்ந்து யோசிக்கிறதே, சொன்னது அம்மாவிடம் நிற்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

பதினெட்டு வருடமாகப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் என்னிடம் வந்து எதையெதையோ சொல்வார்கள். எல்லாக் கதைக்கும் முதல் வரி ஒன்றுதான்: 'மிஸ், அம்மாகிட்ட சொல்லிராதீங்க.' உடனே நீங்கள் காதல் என்று நினைப்பீர்கள். காதல் கொஞ்சம்தான். கண்ணாடி உடைந்துபோனதைச் சொல்ல பயந்து ஒரு மாதம் முழுக்க 'எனக்கு ஃபர்ஸ்ட் பெஞ்ச்தான் பிடிக்கும்' என்று உட்கார்ந்திருந்த பிள்ளை உண்டு. ஃபீஸ் பணத்தில் இருநூறு ரூபாயைத் தொலைத்துவிட்டு மதியச் சாப்பாடு இறங்காமல் கிடந்த பிள்ளை உண்டு. இருநூறு ரூபாய்க்காக எந்த அம்மாவும் தலையை வாங்கிவிடப் போவதில்லை. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த இருநூறு ரூபாய் அப்பாவுக்குப் போகும், அப்பத்தாவுக்குப் போகும், தீபாவளிக்கு வருகிற அத்தையிடம் சிரிப்பாகச் சொல்லப்படும், கல்லூரி முடிக்கிற வரைக்கும் 'இவகிட்ட காசைக் குடுத்துறாதீங்க' என்று பல்லிளிக்கும். பிள்ளை பயப்படுவது இதற்குத்தான். அடிக்கு இல்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். நான் அப்போது ஒன்பதாவது. சாயங்காலம் கணக்கு டியூஷன் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை. ஒருநாள் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது அந்தக் கடைக்காரர் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். விடவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது, எனக்கு இன்றைக்கும் அந்த உள்ளங்கை ஈரம் நினைவிருக்கிறது. அன்று ராத்திரி அம்மா இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து டியூஷன் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து பெரியம்மா வந்து இறங்கியதும் முதல் கேள்வி: 'ஏண்டி, அந்தக் கடைக்கு நீ எதுக்குப் போன?' அடுத்த வாரம் எதிர்வீட்டு மதினிக்குத் தெரிந்திருந்தது. கடைக்காரருக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதே கடையில்தான் தொடர்ந்து வெற்றிலை வாங்கினார். எனக்குத்தான் கணக்கில் 43 மார்க். (கணக்கு போனதால்தான் தமிழ் கிடைத்தது. அதற்காக அந்த ஆளுக்கு நன்றி சொல்ல முடியாது.)

அதற்குப் பிறகு அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. 'பசிக்குது', 'தலை வலிக்குது', 'நாளைக்கு லீவு'. அவ்வளவுதான். அம்மா பாசமில்லாதவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டாள். 'தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு' என்பார்களே, வாய் வேறு என்பது எனக்கு அந்த ஆட்டுக்கல் பக்கத்தில்தான் புரிந்தது.

சரி, கமெண்டில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

'எல்லாம் இந்த செல்போன் வந்த பிறகுதான் மேடம்.' தமிழ் எடுத்துப் படித்த ஒருத்தியிடம் இதைச் சொல்லாதீர்கள். சங்க அகப்பாடல்களில் காதல் வந்த பெண் நேராக அம்மாவிடம் போய்ச் சொல்வதா வழக்கம்? தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், அதாவது வளர்த்த தாயிடம், சொல்வாள், செவிலி பெற்ற தாயிடம் சொல்வாள், தாய் அப்பாவிடமும் அண்ணன்மாரிடமும் சொல்வாள். அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்து அதற்கு இலக்கணமே இருக்கிறது. சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் தோழி செவிலியிடம் விஷயத்தைப் பக்குவமாக உடைக்கிற பேச்சுதான். நடுவில் 99 பூக்களின் பெயரை அடுக்குகிறாள். விஷயத்துக்கு வர அவளுக்கு அவ்வளவு தயக்கம் என்று நான் வகுப்பில் சொல்வேன். (என் விளக்கம்தான், தமிழய்யாக்கள் மன்னிக்கவும்.) மகள் மெலிந்துபோவதைப் பார்க்கிற தாய் அந்தப் பாடல்களில் என்ன செய்கிறாள்? முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள், முருகன் பிடித்துவிட்டான் என்று ஆட்டை அறுக்கிறாள். 'உனக்கு என்னடி ஆச்சு' என்று கேட்கிற வேலையை மட்டும் செய்யமாட்டாள். அப்போது எந்த கம்பெனி செல்போன் விற்றுக்கொண்டிருந்தது?

சென்ற வருடம் என் வகுப்பில் ஒரு பெண் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே வந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். இங்கே சொல்லமாட்டேன், அது அவள் என்னிடம் சொன்னது.

'அம்மாவிடம் சொல்லாவிட்டால் தப்பான ஆள் கையில் சிக்கிவிடுவார்களே?' இது நியாயமான பயம். இதை நான் கேலி செய்யவில்லை. ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையை அனுபவித்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அம்மாவிடம் இல்லை, தோழியிடம் இல்லை, யாரிடமும் இல்லை. நானாவது ஒரு தடவை சொன்னேன்.

இதற்காகத்தான் குழந்தைகள் உதவிக்குக் கூப்பிட 1098 என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்தார்கள், பெயர் போடாமல் எழுதிப் போடலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி எதையும் ஊடகத்தில் காட்டக் கூடாது என்கிறது. ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டுமானால் அது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில்தான் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது, 'நான் என் பொண்ணுக்கு ஃப்ரெண்ட் மாதிரி.' ரொம்ப சந்தோஷம். மகளின் போன் பாஸ்வேர்டு தெரிந்த ஃப்ரெண்ட். ஃப்ரெண்ட் என்றால் அவள் சொன்னதை அவளுடைய அப்பாவிடம் போட்டுக்கொடுக்க மாட்டாள், தெரியும்தானே?

'ஆண் பிள்ளைகள்?' அவர்கள் பாடு இன்னும் மோசம். 'என்னடா பொட்டப்பிள்ளை மாதிரி' என்ற ஒரு வரியில் வாயை அடைத்துவிடுகிறோம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

'எல்லாப் பழியும் அம்மா மேலேதானா? அப்பாக்களை ஏன் கேட்கவில்லை?' கேட்கலாம்தான். ஆனால் சொல்லாததற்காக யாரும் பிள்ளையை அப்பாவின் காலில் விழ வைக்கவில்லையே. அப்பாவிடம் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை, அதனால் அவர் தோற்கவும் இல்லை.

இதைக் கொஞ்சம் அவசரமாகத் தாண்டிவிட்டேன் என்று எனக்கே படுகிறது. நாலைந்து வருடம் முன்னால் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். ஏன் எல்லோரிடமும் சொன்னாய்? அம்மாவுக்கு அந்தக் கடை, டியூஷன் எல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது. 'அன்னிக்கு நான் உங்கப்பாகிட்ட சொல்லாம இருந்து, நாளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா, புள்ள வளத்த லட்சணத்தப் பாருன்னு என்னையத்தானடி கேட்டிருப்பாரு' என்றாள். பெரியம்மாவிடம் ஏன் சொன்னாய் என்றதற்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, 'எனக்கு மட்டும் யாரு இருந்தா?' என்றாள்.

அவளுக்கும் பயம். அவளுக்கும் ராத்திரியெல்லாம் அது நெஞ்சில் கிடந்து அழுத்தியிருக்கும். தன் அக்காவிடம் இறக்கி வைத்திருக்கிறாள். புரிகிறது. புரிகிறது என்பதால் என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். போகவில்லை.

இப்போது அந்தப் பேச்சாளருக்கு வருகிறேன். வீடியோவின் நடுவில் அம்மாக்களைப் பார்த்து ஒன்று சொல்கிறார்: 'உங்க மகள் உங்ககிட்ட எதையாவது மறைக்கிறாள்னா, தாயா நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம்.' எல்லோரும் கை தட்டினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போனேன்.

என் மகள் பத்தாவது படிக்கும்போது, கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டைமாடியில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். டியூஷனில் ஒரு பையன் சாக்லேட் கொடுத்தது, இவள் அதை அவன் கண் முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு 'தேங்க்ஸ்டா' என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். இங்கேதான் எழுதினேன். 'என் மகள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை' என்று பெருமையாக ஆரம்பித்து எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம் லைக். ஹார்ட் போட்டவர்கள் நிறையப் பேர் இதையும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர் ஒருவர் 'பாத்துக்கம்மா, பப்ளிக் எக்ஸாம் வருஷம்' என்று கமெண்ட் போட்டார். டியூஷனில் கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மாவும் என் பட்டியலில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மகள் சண்டை போடவில்லை. 'நான் உன்கிட்டதானம்மா சொன்னேன்?' என்று மட்டும் கேட்டாள். பதிவை நீக்கிவிட்டேன். நீக்கினால் ஆயிற்றா?

இந்த வருடம் அவள் பிளஸ் டூ. மூன்று மாதமாக ஏதோ ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் இருக்கிற என் தங்கைக்குத் தெரியும். அவளும் வாய் தவறித்தான் சொன்னாள், சொன்ன உடனே 'ஐயோ அக்கா, அவகிட்ட கேட்டுறாதே' என்று கெஞ்சினாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து கொட்டிவிட்டுப் போகிற காது என்னுடையது. என் மகள் தன் விஷயத்தை இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போனில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சித்தி முகநூலில் எழுதமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இப்போது சரியாகிவிட்டது, சித்தியே பார்த்துக்கொண்டாள். என்ன விஷயம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.

இதை எழுதட்டுமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே 'சாக்லேட் மேட்டர எழுதிக்க, அதான் ஊருக்கே தெரியுமே. மத்தத எழுதாத' என்றாள். எழுதவில்லை.

இன்னொன்று, கமெண்டில் அவளை டேக் செய்ய வேண்டாம். செய்தாலும் போகாது, என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாள். தங்கையை பிளாக் செய்யவில்லை. விசாரித்துவிட்டேன்.