ஒரு கார் திரும்பும் வரை

பாஸ்டனுக்குப் புதிதாக வருகிற நம் ஆட்கள் வீடு தேடும்போது கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துல டி இருக்கா?" இந்த ஊரில் ரயிலுக்கு அந்த ஒற்றை எழுத்துதான் (T) பெயர். இருக்கிறது, கிரீன் லைன் டிராம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "அது ஆமை மாதிரி போகுமாமே, ரெட் லைன் பக்கம் ஏதும் கிடைக்காதா?" பத்து வருடமாக இதைக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த வண்டிக்காக ஒரு ஆளாவது வாதாட வேண்டாமா? சரி, நானே வருகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் அப்பா வந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். பாரிமுனைப் பக்கம் வளர்ந்தவர். 1953-இல் மெட்ராஸில் டிராம் நின்றபோது பள்ளிக்கூடப் பையன். பார்க் ஸ்ட்ரீட்டில் படியிறங்கி, பூமிக்கடியில் பி வண்டி ஏறினோம் (கிரீன் லைனுக்கு பி, சி, டி, ஈ என்று நான்கு கிளைகள்). பாய்ல்ஸ்டன் பக்கம் தண்டவாளம் முழங்கை மாதிரி மடங்கும். இரும்போடு இரும்பு உரசிக் கிறீச்சிடுவதில் பல் கூசும். அப்பா சிரித்தார். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்டா." கென்மோர் தாண்டியதும் வண்டி சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்து, காமன்வெல்த் அவென்யூவின் நடுவில் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றது. நிறுத்தம் எதுவும் இல்லை, கதவும் திறக்கவில்லை.

"என்னடா, ரயில் சிவப்பு விளக்குக்கு நிக்குது?"

எண்பது வயதுக்காரர் ஒரே பயணத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

எதிரே, தண்டவாளத்தைக் கடந்து இடது பக்கம் திரும்ப ஒரு கார். (இங்கே இடது பக்கம் திரும்புவதுதான் நம்மூரில் வலது பக்கம் திரும்புகிற மாதிரி, எதிர்வரிசையைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும்.) காருக்குள் ஒருவர். எங்கள் பக்கம் இரண்டு பெட்டி நிறையப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா. அத்தனை பேரும் அந்த ஒருவர் திரும்பி முடிக்கும் வரை காத்திருந்தோம். டிராம் மெதுவாகப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1890-களில் ட்ரெமான்ட் தெருவை அடைத்துக்கொண்டு நின்றவை டிராம்கள்தான். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பெட்டிகளின் கூரைமேலேயே நடந்து போய்விடலாம் என்று ஊர் கேலி பேசியது. அதனால்தான் டிராமைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். 1897 செப்டம்பர் 1 அன்று ஓடத் தொடங்கிய அந்தப் பாதைதான் வட அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் பாதை. தோண்டும்போது பழைய இடுகாட்டின் ஓரத்தில் சுமார் 900 பேரின் எலும்புகள் கிடைத்து, எடுத்து மறுபடி அடக்கம் செய்தார்கள். செத்தவர்களைக்கூட நகர்த்தியிருக்கிறார்கள், இன்றைக்குப் பார்க்கிங் இடம் நாலை நகர்த்தச் சொல்லுங்கள் பார்ப்போம், கூட்டம் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். மெட்ராஸில் மின்சார டிராம் 1895-லேயே ஓடியது, இவர்கள் சுரங்கத்துக்கு இரண்டு வருடம் முன்னால், என்று அப்பாவிடம் சொன்னேன். அதன்பிறகு வண்டியில் அவர் உட்கார்ந்த தோரணையே மாறிவிட்டது.

டிராமே மெதுவான வண்டிதான் என்று வாதம் செய்கிறவர்கள் ஒரு தடவை கிரீன் லைனின் டி (D) கிளையில் ரிவர்சைட் வரை போய்வரட்டும். அது பழைய ரயில் பாதை. 1959-இல் டிராமுக்கு மாற்றினார்கள். வழியில் எந்தச் சாலையும் தண்டவாளத்தின் குறுக்கே வராது. அதே மாதிரிப் பெட்டி, அதே கம்பி, அதே மின்சாரம்; ஆனால் மரங்களுக்கு நடுவே பறக்கும். 2022-இல் வடக்கே மெட்ஃபர்ட் வரை நீட்டிய புதுப் பாதையிலும் சாலைக் குறுக்கீடு கிடையாது. ஒரே வண்டி ஓரிடத்தில் குதிரை, இன்னோரிடத்தில் ஆமை என்றால் கோளாறு வண்டியிலா இருக்கிறது?

மேலே நடக்கும் தாமதம் மேலேயே நிற்பதும் இல்லை. ஒரு வண்டி இரண்டு சிக்னலில் மாட்டினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேரும், ஏற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டி காலியாக ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அரைமணி நின்றால் மூன்று பஸ் சேர்ந்து வருமே, அதே கதை. பி, சி, டி மூன்றும் கென்மோரில் ஒரே சுரங்கத்துக்குள் நுழைய வேண்டும். காப்ளி அருகே ஈ கிளையும் வந்து சேரும். அங்கே மேலே கீழே என்று தனித்தனிப் பாதை இல்லை, ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. சாலையில் ஒரு கார் தின்ற ஒரு நிமிடம் ஊருக்கு நடுவில் பூமிக்கடியில் நிற்கிறவர் தலையிலும் விடியும்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம்தான். டிராம் நெருங்கும்போது சிக்னல் அதற்குப் பச்சை காட்டட்டும். தண்டவாளத்தைக் கடந்து திரும்பும் இடங்களில் பாதியை மூடட்டும், கார்கள் அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்பட்டும். நிறுத்தங்களைக் குறைப்பது பற்றி முன்பு எனக்குத் தயக்கம் இருந்தது, வயதானவர்கள் கூடுதலாக நடக்க வேண்டுமே என்று. 2021-இல் பி கிளையில் அடுத்தடுத்து இருந்த நான்கை இரண்டாக்கினார்கள். புது நடைமேடைகள் அகலமாக, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி இருக்கின்றன. அப்பா அங்கே சிரமமில்லாமல் ஏறி இறங்கினார். என் தயக்கம் போய்விட்டது.

"டிராமை எடுத்துட்டு பஸ் விட்டா என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் நடந்த கதைதான். ஈ கிளை முன்பு ஆர்பர்வே வரை போனது. 1985-இல் அதை நிறுத்திவிட்டு 39-ஆம் எண் பஸ் விட்டார்கள்; டிராம் இப்போது ஹீத் ஸ்ட்ரீட்டோடு முடிந்துவிடுகிறது. அந்த பஸ்ஸும் அதே கார்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

ஊருக்குக் கிளம்பும் முன் அப்பாவை அந்த ஈ கிளையின் கடைசிக்குக் கூட்டிப்போனேன். பிரிகம் சர்க்கிள் தாண்டினால் தண்டவாளம் சாலையோடு சாலையாகிவிடும், காரும் டிராமும் ஒரே வரிசை. ஓட்டுநர் அவ்வப்போது மணியடிப்பார். நடுரோட்டில் நின்று கதவு திறக்கும். நாம் இறங்கும் வரை பின்னால் வரும் கார்கள் நின்றாக வேண்டும். அப்பா மெதுவாக இறங்கி, நின்றிருந்த கார்களை ஒரு பார்வை பார்த்தார். ஓரத்துக்கு வந்ததும் சொன்னார், "பாரிஸ் கார்னர்ல இப்படித்தான்டா நடு ரோட்டுல இறங்குவோம். யாரும் நிக்க மாட்டான், நாமதான் ஓடணும்."