அது பிச்சை இல்லை, பாக்கி

காலநிலை மாநாடுகளில் ஏழை நாடுகள் பணக்கார நாடுகளிடம் பிச்சை கேட்கின்றன என்று நேற்றைய பதிவுக்குக் கீழே வந்த அந்தப் பின்னூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். தூக்கம் வரவில்லை. வாதம்கூட இல்லை, அந்த "பிச்சை" என்ற ஒரு சொல்தான் உறுத்துகிறது.

காலநிலை மாநாடுகளில் ஏழை நாடுகள் கேட்பது பிச்சை இல்லை சார். பாக்கி.

1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் பணக்கார நாடுகளும் உண்டு. 2020க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் காலநிலை நிதி என்று 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் வாக்குக் கொடுத்ததும் அவர்களே. அந்தத் தொகை எட்டியது 2022இல். அதிலும் பெரும்பகுதி கடன், திருப்பிக் கட்ட வேண்டும். 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாக்குவில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். ஒப்புக்கொண்டது 30,000 கோடி, அதுவும் 2035க்குள். இந்தியா பேச அனுமதி கேட்டிருந்தது. அதற்குள் மாநாட்டுத் தலைவர் முடிவு ஏற்கப்பட்டது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். நம் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அதன் பிறகுதான் எழுந்து எதிர்க்க முடிந்தது. பிச்சை கேட்பவர் அப்படி எழுந்து நிற்பாரா?

"புகை விடுவதில் இந்தியாவே மூன்றாவது இடம்" என்பீர்கள். ஆமாம். ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டுக்கு நமக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு, அமெரிக்கருக்கு 14 டன். தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை எரிபொருள் எரித்துக் காற்றில் ஏறிய கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கு அந்த ஒரு நாட்டுடையது. புவி சூடாவதைக் கட்டுப்படுத்தப் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தைவிட்டு இரண்டாவது முறையாக வெளியேறுவதாக 2025 ஜனவரியில் அறிவித்ததும் அதே நாடு. சீனா? சரி, சீனாவும் தரட்டும். அதனால் இவர்கள் பாக்கி தள்ளுபடி ஆகிவிடுமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது, அரிசி டிரம்மில் சாக்கடைத் தண்ணீர். அரசு 6,000 ரூபாய் அறிவித்தது. அம்மா டோக்கனோடு ரேஷன் கடை வரிசையில் நின்றார். பைக்கில் போன ஒருவர், "ஓசின்னா எப்படி நிக்குது பாரு கூட்டம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடம் டீச்சராக வேலை பார்த்தவர் அம்மா. டோக்கனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேசியதில்லை.

"ஏரியை மூடியது நாம்தானே?" உண்மைதான். அதை நம் ஆட்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கடல் சூடானதற்கும் அந்த ஏரிதான் காரணமா?

இந்தியாவை விடுங்கள். பசிபிக்கில் துவாலு என்ற தீவு நாட்டின் சராசரி உயரமே கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர்தான். அவர்கள் யார் வீட்டை எரித்தார்கள்? 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கிய கோரிக்கையை வனுவாட்டு அரசு கையில் எடுத்து, ஐ.நா. வழியாகச் சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. காலநிலைக் கடமையை மீறும் நாடு பாதிக்கப்பட்டவருக்கு முழு ஈடு செய்ய வேண்டிவரலாம் என்று 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. ஈடு சார். தர்மம் இல்லை. கோர்ட்டுக்குப் போன அந்தப் பிள்ளைகளையும் பிச்சைக்காரர்கள் என்பீர்களா?

உங்கள் பின்னூட்டத்தை நான் நீக்கவில்லை. அம்மாவும் முகநூலில் இருக்கிறார். அவர் கண்ணில் படுவதற்குள் நீங்களே எடுத்துவிடுங்கள்.